குப்புற விழுந்தால் கொழுக்கட்டை!

உங்கள் குழந்தை முதன்முதலில் குப்புற விழுந்தது எந்த மாதம்? கை தட்டியது எப்போது? யார் கையையும் பிடிக்காமல் இரண்டு எட்டு எடுத்து வைத்தது எந்தத் தேதியில்? பாட்டியைக் கேட்காமல், செல்போனில் தேடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்!

சொல்ல முடியவில்லையா? நீங்கள் மட்டும் இல்லை. என்னிடம் குழந்தையைத் தூக்கி வருகிற பெற்றோரில் பலர் இந்தக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். "ஏங்க, அன்னிக்கு நீங்கதானே வீட்ல இருந்தீங்க?" என்பார் மனைவி. "நான் எங்க இருந்தேன்? அம்மாதான் போன்ல சொன்னாங்க" என்பார் கணவர். முதல் பிறந்தநாள் கேக் எத்தனை கிலோ என்பது நினைவிருக்கும். மண்டபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் நினைவிருக்கும். அந்தப் பிறந்தநாளுக்குள் குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்ட வித்தைகள் மட்டும் மறந்து போயிருக்கும்.

'இதில் என்ன குடி முழுகிப் போச்சு?' என்று கேட்கிறீர்களா? பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், சில குழந்தைகளுக்கு இந்த மறதியால் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் காலம் வீணாகிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பலகாரமே பதிவேடு

நம் வீடுகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை. பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை. தவழ்ந்து வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம். நடந்தால் அடையோ அப்பமோ ஒன்று. இன்னதற்கு இன்ன பலகாரம் என்பது வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். ஆனால், செய்ததைத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பது பல வீடுகளுக்கும் பொது.

இதை வெறும் சாப்பாட்டு சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கொழுக்கட்டை செய்ய வேண்டுமானால், குழந்தை குப்புற விழுந்ததை யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். கொழுக்கட்டை போன வீடுகளுக்கெல்லாம் அந்தச் செய்தியும் போகும். "எத்தனையாவது மாசம்?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்பார். "அஞ்சு முடியப் போகுது" என்று பதில் வரும். தெரு முழுக்க ஒரு பதிவேடு ஆகிவிட்டது!

கொழுக்கட்டை வர வேண்டிய மாதம் வந்தும் வரவில்லை என்றால் அதே பாட்டி, "என்னடி, உம் புள்ள இன்னும் குப்புற விழலையா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் குத்தலும் இருக்கும், வாஸ்தவம்தான். ஆனால், யாரோ ஒருவர் கணக்கு வைத்திருந்தார் என்பதும் வாஸ்தவம்தானே?

பிள்ளைத்தமிழைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களாகப் பாடுவார்கள். ஐந்தாம் மாதத்தையொட்டி செங்கீரைப் பருவம். குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும். ஒன்பதாம் மாதத்தையொட்டி சப்பாணி. அதாவது கை கொட்டுதல். ஒரு வயதையொட்டி வருகை. தளிர்நடை போட்டு வா வா என்று கூப்பிடுவது. அதற்கப்புறம் அம்புலி. நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது. மாதக் கணக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வரிசை இதுதான்.

மருத்துவனாக எனக்கு இதில் ஒரு வியப்பு. ஐந்தாம் மாதம் தலை நிமிர்கிறதா என்று பார்ப்பது கழுத்தின், முதுகின் பலத்தைப் பார்ப்பது. கை தட்டுவது, பார்த்ததைத் திருப்பிச் செய்கிற அறிவு. அம்புலி இருக்கிறதே, அது இன்னும் நுட்பமானது. நீங்கள் விரல் நீட்டுகிறீர்கள். குழந்தை உங்கள் விரலைப் பார்க்காமல், விரல் காட்டுகிற நிலாவைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தானும் ஒரு நாள் விரல் நீட்டி 'அதோ' என்று உங்களுக்குக் காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் குழந்தை இப்படிச் சுட்டிக் காட்டுகிறதா என்பதை இன்றைக்கும் குழந்தை மருத்துவர்கள் முக்கியமாக விசாரிக்கிறார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளை முன்கூட்டியே சந்தேகிக்க உதவும் அடையாளங்களில் இது ஒன்று.

"நேரம் எங்க இருக்கு டாக்டர்?"

புரிகிறது. காலையில் எழுந்து சமைத்து, பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னதை மாமியாரிடமோ காப்பகத்திலோ விட்டுவிட்டு ஓடுகிறீர்கள். பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்பே சில வாரங்கள் போய்விடும். மீதி முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து, ஆறு மாதம். சரியாக அப்போதுதான் உட்காருவது, தவழ்வது, நிற்பது, கை தட்டுவது, 'தாத்தா, பாப்பா' என்று குதலை பேசுவது எல்லாம் வரிசையாக ஆரம்பிக்கிறது! கடை வைத்திருப்பவர்களுக்கும், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்த ஆறு மாதம்கூடக் கிடையாது.

ஆகவே, குழந்தையின் 'முதல்' எல்லாம் ஆயாவின் கண்ணிலோ பாட்டியின் கண்ணிலோதான் படுகிறது. இதற்காக அம்மாக்கள் மனசுக்குள் அழ வேண்டாம். குழந்தை நடந்ததை யார் முதலில் பார்த்தார்கள் என்பதால் குழந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாருமே குறித்து வைக்காமல் போவதுதான் நஷ்டம்.

ஒரு டிபன் கடைக் குழந்தை

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி இரண்டே கால் வயதுப் பெண் குழந்தையைக் கொண்டு வந்தார்கள். டிபன் கடை வைத்திருப்பவர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் இரவு பத்து மணி வரை கடைதான். "இன்னும் பேச்சு வரலைங்க ஐயா. நாக்குக்கு ஏதாவது மருந்து கொடுங்க. அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாராம்" என்றார் தாய். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துத் தடவியும் பார்த்துவிட்டார்களாம்.

குழந்தை சுறுசுறுப்பாக இருந்தாள். கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரித்தாள். மேசை மேல் இருந்த பேனாவைக் காட்டி, வேண்டும் என்று கையை ஆட்டினாள். அவள் விளையாடிக் கொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் பின்னால் போய் ஒரு ஸ்டீல் டம்ளரில் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். திரும்பவில்லை. அவளுடைய அப்பா முகம் மாறிவிட்டது. "கதவைச் சாத்தினா திரும்பிப் பாப்பாளே ஐயா" என்றார். கதவை அறைந்து சாத்தினால் தரை அதிரும், காற்று அசையும், வெளிச்சம் மாறும். காது கேளாத குழந்தையும் அதற்குத் திரும்பும். வீட்டில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

"ஏழெட்டு மாசத்துல ஏதாவது சத்தம் போட்டாளா?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. அப்போது குழந்தை ஊரில் பாட்டியிடம் இருந்திருக்கிறாள். அங்கேயே போன் போட்டுக் கேட்டார்கள். பாட்டிக்கு எல்லாம் நினைவிருந்தது! "ஆறு மாசத்துல கத்திக்கிட்டே கெடக்கும். அப்புறம் சத்தமே இல்ல. சமத்தாயிடுச்சு" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் போதும். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகள் மாதிரியே சத்தம் போடும். தன் குரலும் மற்றவர் குரலும் காதில் விழாததால் எட்டு, ஒன்பது மாதத்தில் அந்தச் சத்தம் குறையத் தொடங்கும். பாட்டி சரியாகத்தான் கவனித்திருக்கிறார். ஆனால், அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டு எழுதி வைக்கவும் இல்லை. ஒன்றரை வருடம் போய்விட்டது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. காதுக் கருவி பொருத்தினார்கள். பேச்சுப் பயிற்சி நடக்கிறது. இன்னும் எல்லாம் தெளிவாக வரவில்லை. ஆனால், 'அம்மா' என்று முதலில் கூப்பிட்ட அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தார்களாம்!

எங்கள் மருத்துவத்தில் வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், காது கேளாததால் வராத பேச்சை வசம்பு கொண்டு வராது. மருந்தைத் தேடுவதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது... இதுதான் இன்று மருத்துவ உலகம் வைத்திருக்கும் இலக்கு. உங்கள் குழந்தைக்குப் பிறந்தபோது இந்தப் பரிசோதனை நடந்ததா? டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

எந்த மாதத்தில் என்ன?

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். முட்டி போட்டுத் தவழ்வது 5 மாதத்திலிருந்து பதின்மூன்றரை மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். எவ்வளவு பெரிய இடைவெளி பார்த்தீர்களா? எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்து, உங்கள் குழந்தை பதினான்கில் நடந்தால் இரண்டும் ஆரோக்கியம்தான். இன்னொரு செய்தி. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. அவர்களும் நடந்துவிட்டார்கள்!

வீட்டில் மாட்டி வைக்க ஒரு சின்னப் பட்டியல் தருகிறேன். எல்லாம் சராசரிதான். கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

2 மாதம்: முகம் பார்த்துச் சிரிப்பது.
3 - 4 மாதம்: தலை நிற்பது.
4 - 6 மாதம்: குப்புற விழுவது.
6 - 9 மாதம்: உட்காருவது, 'பா... பா... தா...' என்று குதலை பேசுவது.
9 - 12 மாதம்: பெயர் சொன்னால் திரும்புவது, கை தட்டுவது, 'டாட்டா' காட்டுவது, இரண்டு விரலால் பொரியைப் பொறுக்குவது.
12 - 15 மாதம்: அர்த்தம் தெரிந்து ஒரு சொல் சொல்வது, நடப்பது.
18 மாதம்: விரல் நீட்டிக் காட்டுவது.
2 வயது: 'பால் வேணும்', 'அப்பா வா' என்று இரண்டு சொல் சேர்ப்பது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், வயதிலிருந்து அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக் கொண்டு பாருங்கள். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

'எல்லாம் வளர வளரச் சரியாயிடும்' என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கிற ஆறுதல். கீழே சொல்கிறவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஆறுதலைக் கேட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை. பத்து மாதமாகியும் தனியாக உட்காரவில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பவில்லை, கை தட்டவோ டாட்டா காட்டவோ இல்லை. 16 மாதமாகியும் ஒரு சொல் இல்லை. 18 மாதமாகியும் நடக்கவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்க்கவில்லை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையைச் சும்மா வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று வரை செய்து கொண்டிருந்ததை இன்று விட்டுவிட்டது. இது எந்த வயதில் நடந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

'ரொம்ப சமத்து. அழவே அழாது. தூங்கிக்கிட்டே இருக்கும்' என்று சில குழந்தைகளைப் பெருமையாகச் சொல்வார்கள். அளவுக்கு மீறிய சமத்தையும் ஒரு முறை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைவாகப் பிறந்த குழந்தைகள் சில இப்படித்தான் இருக்கும். பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்காமல் காப்பாற்றலாம். தள்ளிப் போட்டால் முடியாது.

எங்கே காட்டுவது? முதலில் குழந்தை மருத்துவர். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். 'அது ஏழைப் பிள்ளைகளுக்கு' என்று ஒதுங்காமல் உங்கள் குழந்தையையும் கொண்டு போங்கள். பரிசோதனையில் சந்தேகம் வந்தால், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் 'டி.இ.ஐ.சி.' என்று ஒரு மையம் இருக்கிறது. வளர்ச்சித் தாமதங்களை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி தருவதற்காகவே உண்டான இடம். செலவும் கிடையாது.

நேரமில்லாத வீட்டில் கொண்டாடுவது எப்படி?

மண்டபம் வேண்டாம், பலூன் வேண்டாம். இவற்றைச் செய்யுங்கள், போதும்.

சமையலறையில் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிறீர்களே, அதே காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். 'பாப்பா உட்கார்ந்தாள்.' அவ்வளவுதான். பேனாவை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். பார்த்தவர் யாரோ அவரே எழுதட்டும். எழுதத் தெரியாத பாட்டியாக இருந்தால் பேரன் எழுதட்டும். வருடம் முடிந்ததும் அந்தக் காலண்டரை எடைக்குப் போட்டு விடாதீர்கள்!

மாலையில் வீட்டுக்கு வந்ததும் "என்ன சாப்பிட்டான்? தூங்கினானா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்த்துக் கொள்ளுங்கள். "இன்னிக்குப் புதுசா என்ன செஞ்சான்?" காப்பகத்து ஆயாவிடமும் கேளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து கேட்டால், மூன்றாம் நாள் அவரே கவனித்து வைத்திருந்து சொல்வார்.

மூத்த பிள்ளை இருந்தால் அவனை 'சாட்சி' ஆக்குங்கள். "தம்பி எழுந்து நின்னா நீதான் எனக்குச் சொல்லணும்" என்று பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். தம்பி மேல் இருக்கும் பொறாமையும் பாதி குறையும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளை விட்டுவிடாதீர்கள். இளஞ்சூட்டில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, மெதுவாக நீவிவிடும் அந்தப் பத்து நிமிடம் குழந்தைக்குச் சுகம். உங்களுக்கோ அது பரிசோதனை நேரம். இரண்டு கையும் காலும் ஒரே மாதிரி அசைகின்றனவா? ஏதாவது ஒரு பக்கம் விறைப்பாக இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? நீங்கள் பேசினால் முகத்தைப் பார்க்கிறதா? மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

அப்பாக்களுக்கு ஒரு வேலை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, பாயை விரித்துத் தரையில் குழந்தையோடு பத்து நிமிடம் இருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சாய்ந்தாடுவது, கை வீசுவது, மொட்டை மாடியில் நிலா காட்டுவது என்று நம் தாத்தா பாட்டி வைத்திருந்த விளையாட்டுகளை எடுத்து விடுங்கள். இதைவிட நல்ல பொம்மையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பலகாரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப் போடலாம், தப்பில்லை. செவ்வாய்க்கிழமை குப்புற விழுந்த குழந்தைக்கு ஞாயிறு கொழுக்கட்டை! அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் பொட்டுக்கடலையும் வெல்லமும் எதிர்வீட்டுக்குக் கொடுத்து, "எங்க வீட்டுக் குட்டி குப்புற விழுந்துட்டா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்வதுதான் முக்கியம்.

இவை வேண்டாம்

கொழுக்கட்டை மற்றவர்களுக்கு. குழந்தைக்கு அல்ல! ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் ஒன்றே உணவு. உரை மருந்து, வசம்பு எதுவானாலும் படித்த மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு வயது வரை சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முழு நிலக்கடலை, சீடை போன்றவை தொண்டையில் சிக்கும். சின்னக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சீக்கிரம் நடக்க வேண்டும் என்று உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கரை வாங்காதீர்கள். அதனால் நடை சீக்கிரம் வராது. படியில் உருண்டு தலையில் அடிபடுவதுதான் மிச்சம். கனடா நாட்டில் 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். நம் ஊர் மர நடைவண்டி வேறு. நிற்கக் கற்ற குழந்தை தானே பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் அது போதும்.

குழந்தை சாப்பிடுவதற்கும், அடம் பிடிக்காமல் இருப்பதற்கும் செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. திரை பேசும். ஆனால், குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லாது.

நடக்கிற வீடியோவைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள், சந்தோஷம். அதற்காக "மாமாவுக்கு நடந்து காட்டு, அத்தைக்குப் பேசிக் காட்டு" என்று குழந்தையைக் கண்காட்சி ஆக்காதீர்கள். "எங்க பையன் பத்து மாசத்துலயே நடந்தான்" என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். கொண்டாட்டம் போட்டியானால் கெட்டது. தாமதமாகிற குழந்தையின் அம்மா அதற்குப் பயந்தே எதையும் வெளியில் சொல்லமாட்டார்.

தாமதமானாலும் கொழுக்கட்டை உண்டு

கடைசியாக அந்த அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மூளை வாதம் உள்ள குழந்தைக்கு ஒன்றரை வயதில் தலை நின்றால், அது பெரிய வெற்றி. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை இரண்டு வயதைத் தாண்டி நடந்தாலும் அது நடைதான். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பல மடங்கு உழைத்து அந்த இடத்துக்கு வருகிறார்கள். உறவினர் என்ன நினைப்பார்களோ என்று அந்த நாளை மறைக்காதீர்கள். பயிற்சி தருகிறவருக்கும் அந்தத் தேதி வேண்டும். எந்தப் பயிற்சி பலன் தருகிறது என்று அவர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார். உங்களுக்கும் அது வேண்டும். மனம் சோர்ந்த நாளில் காலண்டரைப் புரட்டினால், 'போன ஆடியில் இவனால் பந்தைப் பிடிக்கக்கூட முடியவில்லையே' என்று தெரியும்.

இன்றைக்கு இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். மேலே கொடுத்த பட்டியலை எடுத்து, உங்கள் குழந்தையின் வயதுக்கு நேராக ஒவ்வொன்றையும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நாளைக்கே மாவை ஊற வையுங்கள். ஏதாவது ஒன்று இடித்தால், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். கொழுக்கட்டையைத் திரும்பி வந்து செய்து கொள்ளலாம்.